தீயும் திருட்டும்: வண்டியின் எண்ணை எங்கே பொறிக்கலாம், எங்கே பொறிக்கக் கூடாது

பழைய வண்டியைப் பெயர் மாற்றக் கொண்டுபோகிறவர்கள் படிவங்களோடு ஒரு துண்டுக் காகிதத்தையும் சேர்த்து எடுத்துப்போவது வழக்கம். வண்டியின் அடிச்சட்டத்தில் குத்தியிருக்கும் சேசிஸ் நம்பரின் மேல் அந்தக் காகிதத்தை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெல்லத் தேய்ப்பார்கள். காகிதம் கருத்துவர, குழியாக இருக்கும் எழுத்துகள் மட்டும் வெள்ளையாக எழும்பும். 17 எழுத்தும் எண்ணும் அதில் வரிசையாக நிற்கும். ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் மட்டும் அந்த வரிசையில் எப்போதும் வராது. 1, 0 ஆகியவற்றோடு குழப்பிவிடும் என்பதால் உலக அளவிலேயே அவற்றை விலக்கிவைத்திருக்கிறார்கள்.

கிருஷ்ணகிரிக்கு டி.என். 24, தருமபுரிக்கு டி.என். 29, ஓசூருக்கு டி.என். 70. இந்த எண் எழுதிய பதிவுப் பலகையைத் திருடன் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவான். இரும்பில் குத்திய குழியை அப்படி மாற்ற முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 122-ஆம் விதி, சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் தயாரித்த மாதத்தையும் உற்பத்தியாளரே பொறித்துத் தர வேண்டும் என்பது இதற்காகத்தான்.

அந்தக் குழியைப் பற்றித் தீப்பாதுகாப்பு விதிகளுக்குக் கவலையே இல்லை. இரும்பு எரியாது, புகையாது. ஒட்டுத்தாள், பட்டை, பசையில் கலந்த நுண்புள்ளி, ஜி.பி.எஸ். கருவி, அதற்கான ஒயர் என்று நாம் மேற்கொண்டு சேர்க்கும் அடையாளங்கள்தான் சிக்கல். இவை எல்லாம் பிளாஸ்டிக், பசை, மின்சாரம். திருட்டுக்கு எதிராக வண்டிக்குள் எதைச் சேர்த்தாலும் அது எரியக்கூடிய பொருளாகவோ எரியவைக்கக்கூடிய பொருளாகவோ ஆகிவிடுகிறது. அதனால் அடையாளத்தை எங்கே வைப்பது என்று முடிவுசெய்யும்போதே தீயையும் சேர்த்து யோசித்தாக வேண்டும்.

தீ விதி எதை அளக்கிறது

வண்டியின் உட்பகுதிப் பொருள்களுக்கான தீ விதிகளில் பழையதும் பலராலும் பின்பற்றப்படுவதும் அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்புத் தரமான எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 302. 1972 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சோதனை எளிமையானது. 102 மில்லிமீட்டர் அகலமும் 356 மில்லிமீட்டர் நீளமும் உள்ள துண்டை வெட்டி, ஒரு பெட்டிக்குள் கிடைமட்டமாகப் பிடித்து, ஒரு முனையில் 15 வினாடி சுடர் காட்டுவார்கள். பிறகு 254 மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு குறிகளைத் தீ கடக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார்கள். நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் ஓடக் கூடாது. பேருந்துகளுக்கான ஐ.நா. ஒழுங்குவிதி 118 இதையே நிமிடத்துக்கு 100 மில்லிமீட்டர் என்கிறது. நம் நாட்டில் ஐ.எஸ். 15061 என்ற தரம் இதே வகைக் கிடைமட்டச் சோதனையைச் சொல்கிறது. பேருந்து பாடிக்கான இந்திய வாகனத் தொழில் தரம் ஏ.ஐ.எஸ். 052 அதைத்தான் கேட்கிறது.

இந்த விதி ‘எரியவே கூடாது’ என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மெதுவாக எரிந்தால் போதும், உள்ளே இருப்பவர் இறங்க நேரம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். சிகரெட் துண்டு, தீக்குச்சி போன்ற சிறு நெருப்பை மனத்தில் வைத்து எழுதிய விதி இது. பெட்ரோல் தீப்பிடித்தால் எந்த சீட் துணியும் தாங்காது.

எல்லாப் பாகங்களும் இதற்குள் வருவதில்லை. சீட், சீட் பெல்ட், மேற்கூரைத் துணி, கதவின் உட்பலகை, தரைவிரிப்பு, வெயில் மறைப்பு, திரைச்சீலை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பாகங்களிலும், பயணிகள் இருக்கும் காற்றுவெளியிலிருந்து 13 மில்லிமீட்டருக்குள் இருக்கும் பகுதிக்குத்தான் சோதனை.

அடையாளக் குறிகளுக்கு முக்கியமான நுணுக்கம் இதற்கு அடுத்து வருகிறது. ஒரு பொருள் அடியில் உள்ள பொருளோடு எல்லா இடத்திலும் முழுமையாக ஒட்டியிருந்தால், இரண்டையும் சேர்த்து ஒரே துண்டாகச் சோதிக்க வேண்டும். முழுமையாக ஒட்டவில்லை என்றால் தனியாகச் சோதிக்க வேண்டும். கதவின் உட்பலகையில் இடைவெளியில்லாமல் ஒட்டிய எண் ஒட்டுத்தாள், அந்தப் பலகையின் தடிமனோடு சேர்ந்து எரிவதால் பெரிய வித்தியாசம் காட்டாது. அதே ஒட்டுத்தாளை சீட்டின் ஓரத்தில் ஒரு முனையை மட்டும் தைத்துத் தொங்கவிட்டால் காற்று இரண்டு பக்கமும் புகும். மெல்லிய தாள் இரண்டு பக்கமும் காற்றுப் பட்டால் எவ்வளவு வேகமாக எரியும் என்பது சாம்பிராணி பற்றவைக்கிற எல்லோருக்கும் தெரியும். ஒரே பொருள்தான். ஒட்டிய விதத்தால் ஒன்று தேறுகிறது, மற்றொன்று தோற்கிறது.

திருடுபோக வாய்ப்பு அதிகமுள்ள கார் ரகங்களில் இன்ஜின், கியர்பாக்ஸ், கதவு, பானட், பம்பர் என்று முக்கியப் பாகம் ஒவ்வொன்றிலும் எண் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1984-இல் சட்டம் கொண்டுவந்தது. குத்தலாம், அல்லது பிய்த்தால் கிழிந்துபோகும் ஒட்டுத்தாள் வைக்கலாம். அந்தப் பட்டியலில் சீட்டோ தரைவிரிப்போ இல்லை. எண் வேண்டிய பாகங்கள் பெரும்பாலும் வெளிப்புறத் தகடும் இயந்திரமும்தான், தீ விதி கேட்பது உட்புறத் துணியும் பஞ்சும். இரண்டு விதிகளும் மோதுவது குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். மோதல் வருவது பிறகு, வண்டி வாங்கியவர் தன் விருப்பத்துக்கு உள்ளே எதையாவது சேர்க்கும்போதுதான்.

நுண்புள்ளிகளையும் இதே கண்ணோடு பார்க்கலாம். மணலைவிடச் சிறிய புள்ளிகள், ஒவ்வொன்றிலும் வண்டியின் எண். புற ஊதா விளக்கில் இடம் தெரியும், நுண்ணோக்கியில் படிக்கலாம். தென்னாப்பிரிக்கா 2012 செப்டம்பர் முதல் புது வண்டிகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. இங்கே ஏ.ஐ.எஸ். 155 என்ற தரம் வகுக்கப்பட்டிருக்கிறது. தீயின் வேகத்தை மாற்றுமளவுக்குப் புள்ளிகளுக்கு எடை கிடையாது. கவனிக்க வேண்டியது தெளிக்கும் நேரத்தைத்தான். கரைப்பான் கலந்த பசையாக இருந்தால், மூடிய காருக்குள் அதன் ஆவி தேங்கும். கதவு நான்கையும் திறந்துவைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத் தெளிக்க வேண்டும். கதவு திறந்ததும் எரியும் கூரை விளக்கின் சுவிட்ச் கூடப் பொறி தரும்.

எரிந்த பிறகு எது மிஞ்சும்

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் சூடேறி லாரி தீப்பிடித்தாலும், ஜூஜூவாடி எல்லையருகே கார் எரிந்தாலும், அணைந்தபிறகு முதல் கேள்வி ‘இது யார் வண்டி?’ என்பதுதான். முழுதாக எரியும் காரில் வெப்பம் 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும். உயர்பாதுகாப்புப் பதிவுப் பலகை அலுமினியம், 1 மில்லிமீட்டர் தடிமன். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பலகையோடு அதன் ஹோலோகிராமும் லேசர் எண்ணும் போய்விடும். முன்கண்ணாடியில் மூன்றாவது பதிவுப் பலகைபோல் ஒட்டிய ஒட்டுத்தாளும் ஃபாஸ்டேகும் கண்ணாடி வெடிக்கும்போதே சாம்பல். பாலியெஸ்டர் நுண்புள்ளிகள் ஏறத்தாழ 260 டிகிரியிலேயே உருகிவிடும். எரியாத மூலைகளில் தெளித்திருந்தால் மட்டும் மிஞ்சும். பல இடங்களில் பரப்பித் தெளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருசக்கர வண்டியில் ஒரு வேறுபாடு. இன்ஜின் எண் இருப்பது அலுமினிய வார்ப்புக் கூட்டில். பெட்ரோல் டாங்கிலிருந்து வழிந்து எரிந்தால் அந்தக் கூடு உருகிச் சொட்டும், எண் போய்விடும். கைப்பிடிக் கழுத்துக் குழாயில் குத்திய சேசிஸ் எண் எஃகு என்பதால் நிற்கும். லாரியில் முன்சக்கரம் அருகே சேசிஸ் நீளச்சட்டத்தில் இருப்பதும் அப்படியே.

அந்த எண்ணைப் படிப்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். எரிந்த எஃகின் மேல் கரித்தூளும் துருப்படலமும் மூடியிருக்கும். அவசரத்தில் கிரைண்டரோ எமரித் தாளோ கம்பிப் பிரஷ்ஷோ வைத்துத் தேய்த்தால் ஆழமில்லாத எழுத்து மழுங்கிப் போகும். பிறகு ‘யாரோ வேண்டுமென்றே ராவியிருக்கிறார்கள்’ என்று காப்பீட்டு சர்வேயர் எழுதிவிட்டால் அதை மறுப்பது பெரும்பாடு. மண்ணெண்ணெயில் நனைத்த துணி, மென்மையான நைலான் பிரஷ், பொறுமை, இவை போதும். சுத்தமானதும் டார்ச்சை நேர் எதிரே பிடிக்காமல் பக்கவாட்டில் தரைமட்டமாகப் பிடித்தால் ஒவ்வொரு குழியின் விளிம்பும் நிழல் போடும். அந்த நிலையில் படம் எடுத்து, அதன்பின் பென்சில் தேய்ப்பு எடுக்க வேண்டும்.

திருடர்கள் எண்ணை ராவிவிட்டு வேறு எண் குத்துவது உண்டு. ராவிய எண்ணைத் தடய அறிவியல் துறையினர் மீட்க முடியும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அச்சு எஃகில் இறங்கும்போது குழிக்குக் கீழேயும் உலோகப் படிகங்கள் நசுங்கி இறுகிப் போகின்றன. மேற்பரப்பை ராவினாலும் அந்த நசுங்கிய அடுக்கு உள்ளே இருக்கும். மேற்பரப்பைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, ஃப்ரை கரைசலை, அதாவது 90 கிராம் குப்ரிக் குளோரைடும் 120 மில்லி ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 100 மில்லி தண்ணீரும் கலந்த கலவையை, பஞ்சால் தொட்டுத் தொட்டுத் தடவினால் நசுங்கிய இடத்தை அமிலம் வேறு வேகத்தில் அரிக்கும். பழைய எண் மங்கலாக எழும்பும். சில சமயம் சில நிமிடங்களே தெரியும் என்பதால் கேமரா முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். அமிலம் என்பதால் இது ஆய்வகத்தின் வேலை, ஒர்க்‌ஷாப்பில் செய்து பார்க்கிற விஷயமில்லை.

இதைத்தான் தீ கெடுக்கிறது. எஃகு ஏறத்தாழ 500, 600 டிகிரிக்கு மேல் போய் அங்கேயே நின்றால் நசுங்கிய படிகங்கள் தளர்ந்து புதிதாக உருவாகின்றன; இறுகிய அடுக்கு கலைந்துவிடுகிறது. எண் இருக்கும்போது எரிந்தால் எண் தப்பும். ராவிய பிறகு எரிந்தால் பெரும்பாலும் எதுவும் மீளாது. திருடிய வண்டியைக் கொளுத்துவதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இது. வெப்பம் அதிகம் ஏறாத இடத்தில் இரண்டாவது எண் ஒன்று இருப்பது எவ்வளவு உதவும் என்பது இதிலிருந்து புரியும். சேசிஸ் எண் மேல் அண்டர்பாடி கோட்டிங்காகத் தாரைத் தடவி மூடுவது இதற்கு நேர் எதிரான வேலை. தார் எரியும், அந்த இடத்திலேயே சூட்டைப் பிடித்துவைக்கும்.

குத்தக் கூடாத இடங்கள்

லாரி பேட்டரி திருட்டு நெடுஞ்சாலையோரத்தில் தீராத தொல்லை. அதற்காகப் பலர் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி பேட்டரியின் பிளாஸ்டிக் உடலில் வண்டி எண்ணை எழுதுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். சார்ஜ் ஆகும் ஈய அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது வெடிக்கக்கூடிய கலவை. சூடான இரும்பு மெல்லிய சுவரைத் துளைத்தால் அமிலமும் கசியும். பெயிண்டால் எழுதுங்கள், அல்லது பேட்டரியைப் பிடிக்கும் இரும்பு கிளாம்பைக் கழற்றித் தனியே கொண்டுபோய் அதில் குத்துங்கள். பேட்டரிப் பெட்டிக்குப் பூட்டுப் போடுகிறவர்கள் சாவியை ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டும். தீ வரும்போது கேபிளைக் கழற்ற முடியாத பூட்டு திருட்டைவிடப் பெரிய நஷ்டம்.

சி.என்.ஜி. சிலிண்டரின் உடலில் எதையும் குத்தவே கூடாது. 200 பார் அழுத்தம் தாங்கும் சுவர் அது. ஒரு சிறு குழியில் அழுத்தம் குவிந்து, அங்கிருந்து விரிசல் கிளம்பும். தயாரிப்பாளர் கழுத்துப் பகுதியில் பொறித்த எண்ணே அதன் அடையாளம். 3 ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஹைட்ரோ சோதனையின்போது (நீரழுத்தச் சோதனை) அந்த எண்ணைத்தான் பதிவேட்டோடு ஒப்பிடுவார்கள். பெட்ரோல் டாங்கில் மின்சாரப் பொறிப்புக் கருவி வைக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மின்சார ஸ்கூட்டர் பேட்டரியில் விஷயம் இன்னும் நுட்பமானது. மின்சார ஸ்கூட்டர்கள் உருவாகும் போச்சம்பள்ளியும் ஓசூரும் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் என்பதால் இது இங்குள்ளவர்களுக்கு அன்றாடக் கேள்வி. 2022-இல் நாடு முழுக்க ஸ்கூட்டர்கள் தீப்பிடித்ததையடுத்து ஏ.ஐ.எஸ். 156 தரம் திருத்தப்பட்டு, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. தீயைத் தடுக்க எழுதிய அந்தத் திருத்தம் அடையாளத்தையும் சேர்த்தே கேட்டது: செல் எப்போது தயாரானது என்பது செல்லிலேயே தெரிய வேண்டும், பேக், அதாவது செல்கள் அடுக்கிய பேட்டரிப் பெட்டி, எந்தச் செல்களால் ஆனது என்று பின்தொடர்ந்து கண்டுபிடிக்க முடிய வேண்டும். திருட்டைப் பிடிக்க உதவுவதும் இந்தப் பதிவுதான். திருடிய பேக்குகளைப் பிரித்து, வயதும் தரமும் வேறான செல்களைக் கலந்து, எண் இல்லாத புதுப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். பலவீனமான செல் முதலில் காலியாகி, சார்ஜ் ஏறும்போது முதலில் நிரம்பி, அளவுக்கு மீறிச் சூடாகிறது. எண் அழித்த பேட்டரியை மலிவு என்று வாங்குகிறவர் தீயைத்தான் வாங்கிவருகிறார்.

பேக்கின் பெட்டியில் துளையிடுவதோ ஆணியால் கீறுவதோ தண்ணீர் புகாத மூடலைக் கெடுக்கும். எண்ணைக் குறித்துவைக்க ஒரே நல்ல வழி, வாங்கிய அன்றே பேக்கின் வரிசை எண்ணைப் படமெடுத்து பில்லோடு வைப்பது.

எந்த ஆபத்தும் இல்லாத இடம் கண்ணாடி. ஜன்னல் கண்ணாடி ஒவ்வொன்றின் மூலையிலும் சேசிஸ் எண்ணின் கடைசி 6, 8 இலக்கங்களை ரசாயனப் பசை மூலம் மேலோட்டமாக அரித்துப் பதிப்பார்கள். எரியாது, பிய்க்க முடியாது. திருடன் எண்ணை மறைக்க வேண்டுமென்றால் எல்லாக் கண்ணாடியையும் மாற்ற வேண்டும். ஆழமாகக் கீறினால் மட்டும் கெடுதல், டெம்பர் செய்த, அதாவது சூடாக்கிக் குளிர்வித்து இறுக்கிய, கண்ணாடி அப்படியே பொடிப்பொடியாகும்.

ஒயர் சேர்க்கும்போது

ஜி.பி.எஸ். கருவியும், வண்டி கிளம்பாமல் மின்சாரத்தைத் துண்டிக்கும் ‘கட் ஆஃப்’ ரிலேவும் திருட்டைத் தடுக்கும் என்று மாட்டப்படுகின்றன. மோசமாக மாட்டினால் அவையே தீயின் தொடக்கம். கருவி இழுப்பது 1 ஆம்பியருக்கும் குறைவுதான். ஆனால் அதன் சிவப்பு ஒயர் எங்காவது தகட்டில் உரசித் தோல் உரிந்தால், பேட்டரி அந்த மெல்லிய ஒயருக்குள் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். ஃபியூஸ் அந்த ஒயரைக் காப்பாற்றத்தான். அதனால் அது பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். 2 அல்லது 3 ஆம்பியர் போதும். ஃபியூஸைக் கருவியின் பக்கம் வைத்தால் நடுவில் உள்ள ஒயர் முழுக்கப் பாதுகாப்பின்றிக் கிடக்கும்.

கட் ஆஃப் ரிலேவை பெட்ரோல் பம்ப் ஒயரை வெட்டி நடுவில் மாட்டுவது இங்கே பரவலாக நடக்கிறது. அந்த ஒயரில் 8 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தால்கூட அந்த இடத்தில் 6.4 வாட் வெப்பம். பார்க்கிங் விளக்கின் பல்பு 5 வாட். அதைத் துணியில் சுற்றி டேஷ்போர்டுக்குள் வைத்து, நாள் முழுக்க எரியவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். டேப்பின் பசை இளகி வழியும், ஒயர் தோல் கருகும், தீ விதியில் தேறிய டேஷ்போர்டும் பற்றிக்கொள்ளும். ஓடும்போது பம்ப் நின்றால் தொப்பூர் மாதிரி இறக்கத்தில் வேறு ஆபத்து. அதற்குப் பதில் ஸ்டார்ட்டர் ரிலேவின் கட்டுப்பாட்டு ஒயரில் மாட்டினால் மின்னோட்டம் மிகக் குறைவு, ஓடுகிற வண்டியும் நிற்காது. இணைப்பை கிரிம்ப் செய்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூட வேண்டும். லாரியில் 24 வோல்ட் என்பதால் 12 வோல்ட் ரிலேவை மாட்டினால் அதன் கம்பிச்சுருள் கருகிவிடும்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் நிர்ணயித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம்வரை சிறையோ விதிக்க 182ஏ பிரிவு இடம் தருகிறது.

எரிந்த வண்டியின் எண் என்ன ஆகிறது

முழுதாக எரிந்த வண்டிக்குக் காப்பீட்டுப் பணம் வந்ததும் பலர் விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். வண்டி சால்வேஜாக, அதாவது மிஞ்சிய இரும்பாக, கைமாறும், பதிவு மட்டும் உயிரோடு இருக்கும். அந்த ஆர்.சி.யும் சேசிஸ் எண் உள்ள இரும்புத் துண்டும்தான் திருட்டுக் கும்பலுக்குத் தேவை. அதே ரகம், அதே நிறத்தில் ஒரு வண்டியைத் திருடி, இந்த எண் பகுதியை வெட்டி அதில் வெல்டு செய்தால் ஆவணப்படி அது சுத்தமான வண்டி. பழைய வண்டி வாங்கும்போது எண்ணைச் சுற்றி நான்கு பக்கமும் வெல்டிங் தழும்பு, புட்டி, புதிய பெயிண்ட் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

55-ஆம் பிரிவின்படி வண்டி அழிந்தால் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். தீயணைப்புத் துறை அறிக்கை, காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகல், எரிந்த நிலையில் எடுத்த சேசிஸ் எண் படம், பென்சில் தேய்ப்பு ஆகியவற்றை ஒரே கட்டாக வையுங்கள். ஃபாஸ்டேக் எரிந்தாலும் அதன் கணக்கு அழியாது. கிருஷ்ணகிரி டோல்கேட்டை எத்தனை மணிக்கு, பாளையம் டோல்கேட்டை எத்தனை மணிக்கு வண்டி கடந்தது என்ற விவரம் வங்கிக் கணக்கில் இருக்கும். எரிந்தபோது வண்டி அங்கே இருந்ததற்கு அதுவும் சான்று. எடுத்துவைத்த பிறகு அந்த டேகை முடக்கச் சொல்லுங்கள்.

இரும்புக் கடையில் எடைக்குப் போடாமல், பதிவுபெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைப்பது நல்லது. அங்கே முதலில் அந்த எண் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் திருட்டு வண்டிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு சேசிஸ் எண் உள்ள துண்டை மட்டும் தனியே வெட்டி எடுத்து, அழிப்புச் சான்று தந்த நாளிலிருந்து 6 மாதம் பூட்டி வைத்திருப்பார்கள்.